செல் பஞ்ச் முறையில் ராணித் தேனீ: நமது சிறு தேனீக்கு எந்த அளவு, எந்த நேரம்

ராணித் தேனீ வளர்ப்பதற்காக அடையிலிருந்து அறையைக் குத்தி எடுக்கும் குழாய்தான் செல் பஞ்ச். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் அத்தகைய குழாய் ஒன்றை நமது பெட்டி அடையின் மேல் வைத்துப் பார்த்தால் முதல் கோளாறு உடனே கண்ணில் படும். குழாய் பெரிது. அது ஏபிஸ் மெலிஃபெரா என்ற மேற்கத்தியத் தேனீக்காகச் செய்த கருவி. திருகோணமலைப் பக்கம் மூதூரிலும் தம்பலகாமத்திலும் கன்னியாவிலும் நாம் பெட்டியில் வைத்திருப்பது ஏபிஸ் செறனா, அதாவது மரப்பொந்திலிருந்தும் கட்டித் தொங்கவிட்ட மண்பானையிலிருந்தும் பிடித்து வரும் நாட்டுத் தேனீ. அதன் அறை சிறிது, கூட்டம் சிறிது, பொறுமையும் சிறிது. பெரிய தேனீக்கு எழுதிவைத்த முறையை அப்படியே எடுத்துச் செய்தவர்கள் முறையைக் குறை சொல்கிறார்கள். முறையில் பிழை இல்லை. அளவுகளும் நாட்கணக்கும்தான் மாறவேண்டும்.

செல் பஞ்ச் என்பது என்ன? முட்டை பொரித்து ஒரு நாள்கூட ஆகாத புழு கிடக்கும் வேலைக்கார அறையை, சுவரும் அடியும் குலையாமல், மெல்லிய குழாயால் அடையிலிருந்து குத்தி எடுப்பது. அந்த அறையைத் தலைகீழாக ஒரு மரக்கட்டையில் மெழுகால் ஒட்டி, ராணி இல்லாத பலமான கூட்டத்திடம் கொடுத்தால், வாய் கீழ்நோக்கி இருப்பதையும் ராணி இல்லாததையும் உணர்ந்த தேனீக்கள் அதையே ராணி அறையாக நீட்டிக் கட்டும். புழுவை யாரும் தொடுவதில்லை. அது பிறந்த படுக்கையிலேயே, தாதித் தேனீ ஊற்றிவைத்த கூழிலேயே கிடக்கிறது.

உலகில் பெரும்பாலான ராணி வளர்ப்பாளர் செய்வது ஒட்டு முறை. 1889இல் அமெரிக்கரான டூலிட்டில் விரிவாக எழுதி வைத்தது அது. மெழுகுக் கிண்ணம் செய்து, மெல்லிய ஊசியால் புழுவைத் தூக்கி அதில் கிடத்துவார்கள். அதற்கு ஆறு வருடம் முன்னரே, 1883இல், இன்னொரு அமெரிக்கரான ஹென்றி அலி முட்டையுள்ள அடையை ஒற்றை வரிசைப் பட்டிகளாக நறுக்கித் தொங்கவிடும் முறையைச் சொல்லியிருந்தார். செல் பஞ்ச் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அலியின் முறைபோலப் புழுவைத் தொடாது. டூலிட்டிலின் முறைபோல ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, வேண்டிய இடைவெளியில் அமையும்.

செறனாவுக்கு இது பொருந்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. செறனாப் புழு மெலிஃபெராப் புழுவைவிடச் சிறிது, அதன் கீழ் இருக்கும் கூழும் சொற்பம். ஊசியால் தூக்கும்போது கூழ் அறையிலேயே தங்கிவிடும், புழு வெறும் மேனியாக மேலே வரும். அதைக் காய்ந்த மெழுகில் வைத்தால் அரைமணி நேரத்தில் சுருங்கும். கண் கூர்மையும் கை நடுங்காமையும் உள்ளவர்கள் ஒட்டு முறையில் நன்றாகவே செய்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு மங்கல் வெளிச்சத்தில் புழுத் தேடுகிறவர்களுக்குக் குழாய்தான் வசதி. விலை என்னவென்றால், ஒரு நல்ல அடையில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைத் தேனீக்கள் சில நாளில் அடைத்துவிடும், பெரும்பாலும் ஆண் அறைகளாகவே அடைக்கும். அது எப்போதும் நட்டம் என்று சொல்ல முடியாது. ராணி வளர்க்கும் பருவத்தில் ஆண் தேனீயும் வேண்டியதுதானே.

மூன்று நான்கு ராணி மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கருவியே தேவையில்லை. இளம் புழு உள்ள புது அடையின் கீழோரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிவிட்டு, ராணியை எடுத்த கூட்டத்தில் வைத்தால், வெட்டிய ஓரத்தில் அவை தாமாகவே ராணி அறை கட்டும். எட்டு, பத்து என்று ஒரே நாளில் முதிரும் அறைகள் வேண்டும்போதுதான் பஞ்ச் எடுக்கும் சிரமத்துக்கு அர்த்தம் வரும்.

குழாயின் அளவு

கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. உங்கள் பெட்டியிலேயே வேலைக்கார அறை பத்தை ஒரே வரிசையில் அளவுகோலால் அளந்து பாருங்கள். செறனாவில் அது ஏறத்தாழ 42 முதல் 45 மி.மீ. வரும். 43 என்று வைத்தால் ஓர் அறை சுவருக்குச் சுவர் 4.3 மி.மீ. அறை அறுகோணம் ஆகையால் மூலைக்கு மூலை தூரம் இதைவிடக் கூடும்: 1.155 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 மி.மீ. குழாயின் உள்விட்டம் இந்த 5 மி.மீ.க்குச் சமமாக இருந்தால் சிறிது சரிந்தாலும் சுவர் அறுபடும். எனவே சுற்றியுள்ள அறைகளில் கொஞ்சமும் சேர்ந்து வரும்படி 6.3 முதல் 7 மி.மீ. உள்விட்டம் வேண்டும். மெலிஃபெராவின் அறை 5.3 மி.மீ. அளவில் இருப்பதால்தான் அதற்கான குழாய் 8, 9 மி.மீ. ஆகிறது. அந்தக் குழாயால் நமது அடையைக் குத்தினால் பக்கத்து அறைகள் முழுசாகவே கூட வரும். அவற்றிலுள்ள புழுவையும் தேனீக்கள் வளர்க்கப் பார்க்கும், ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை ராணி அறை கிடைக்கும். பிரிக்க முடியாது, இரண்டில் ஒன்று வீண்.

இந்த அளவுக் குழாய்க்கு லேத் பட்டறைக்கு ஓடத் தேவையில்லை. பழைய ரேடியோ ஏரியலின் அடித்துண்டு ஏறத்தாழ இதே அளவில் இருக்கும், சுவரும் மெல்லியது. 8 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் அரத்தால் சரித்துக் கூராக்கவேண்டும். உள்பக்கத்தைச் சரித்தால் வெட்டும்போது அறையை உள்நோக்கி நெரிக்கும். வெளிச்சரிவாக இருந்தால் நெரிபடுவது எறியப்போகும் அடைதான். கடைசியில் நைஸான மணல்தாளால் உள்விளிம்பின் பிசிறை எடுத்துவிடுங்கள்.

ஏரியலின் இன்னொரு கொடை, அடித்துண்டுக்குள் வழுக்கி ஓடும் அடுத்த துண்டு. வெட்டிய அறையை வெளியே தள்ளும் தண்டாக அதையே பயன்படுத்தலாம். கட்டையான குச்சியால் தள்ளினால் அறையின் நடுவாய் நசுங்கும். இந்த உள்குழாயோ வெறும் வளையம். அதன் விளிம்பு சுற்றியுள்ள அரையறைச் சுவர்களில் மட்டும் அழுத்தும், நடு அறைக்கு மேலே ஓட்டை. புழுவின் மேல் காற்றுக்கூட அழுத்தாது.

புழுவும் அடையும்

ராணியின் தரத்தைத் தீர்மானிப்பது கருவியல்ல, புழுவின் வயது. பொரித்த வேலைக்காரப் புழுவும் ராணிப் புழுவும் ஒன்றேதான். உணவு பிரியும்போதுதான் வழி பிரிகிறது. இரண்டு நாள் தாண்டிய புழுவைக் கொடுத்தாலும் தேனீக்கள் ராணி அறை கட்டும், ராணியும் வரும். ஆனால் அவள் சிறுத்து, சூலகக் குழாய் குறைந்து, சில மாதத்திலேயே மாற்றப்படுவாள். பார்த்தவுடன் பிடிபடாத குறை என்பதால் இது பெரிய குறை. அறை பிடித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஆரும் கவனிப்பதில்லை.

ஆகவே வயதை ஊகிக்காமல் நாளைக் குறித்து வைப்பதே நல்லது. தெரிவுசெய்த தாய்ப் பெட்டியில் வியாழன் மாலை ஒரு காலி அடையைப் புழு அடைகளுக்கு நடுவே வைக்கிறீர்கள் என்று கொள்வோம். வெள்ளி மாலை பார்த்தால் முட்டை நிமிர்ந்து நிற்கும். முட்டை மூன்று நாள், அதாவது 72 மணி நேரம். எனவே ஞாயிறு மாலைக்கும் திங்கள் மாலைக்கும் இடையில் பொரிக்கும். திங்கள் மாலை குத்தினால் அந்த அடையில் உள்ள எந்தப் புழுவும் 24 மணி நேரத்தைத் தாண்டியிராது. வெள்ளி மாலை முட்டை இல்லையென்றால் கணக்கு ஒரு நாள் தள்ளும். சனி மாலை மறுபடி பாருங்கள், அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் தலைக்கட்டையில் பென்சிலால் நாளை எழுதுங்கள்.

எடுக்கவேண்டிய புழு முட்டையைவிட ஒரு மடங்கு பெரிதாக, காற்புள்ளிபோலச் சற்று வளைந்து, பால்நிறக் கூழின் மேல் மினுங்கிக்கொண்டு கிடக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து அடையைச் சாய்த்தால் அந்த மினுக்கம் தெரியும். கூழ் இல்லாத வறண்ட புழுவை விடுங்கள். வட்டமாகச் சுருண்டு அடியை நிரப்பியிருந்தால் அது கிழடு, அதையும் விடுங்கள்.

அடையின் வயதும் இதே அளவு முக்கியம். அன்று கட்டிய வெள்ளை அடை வெண்ணெய்போல. நமது ஊர் வெப்பத்தில் குழாயை வைத்த உடனேயே சுவர் சரிந்து புழுவின் மேல் விழும். பல தலைமுறை புழு வளர்ந்த பழுப்பு அடையில் அறைக்கு உள்ளே பட்டுப்போன்ற கூட்டுறைகள் படலம் படலமாக ஒட்டியிருக்கும். அது குழாய்க்கு மசியாது, கிழியும். தேனீக்களாலும் அந்த அடியை மெல்லிழைத்து அகலப்படுத்த முடியாது. ஒன்று அல்லது இரண்டு முறை புழு வளர்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்த அடைதான் பதம். செறனா பழைய அடையைத் தானே கடித்துக் கொட்டிவிட்டுப் புதிது கட்டும் பழக்கமுள்ளது. அதனால் பூக்காலத்தில் மெழுகுத் தாள் நுனி ஒட்டிய காலிச் சட்டம் ஒன்றை நடுவில் வைத்தால் சில நாளில் அடை தயாராகிவிடும். அதில் ஒரு புழுத் தலைமுறை வளர்ந்து வெளியேறட்டும், அடுத்த தலைமுறையில் குத்துங்கள். ஒரு மாதம் முந்தியே திட்டமிடவேண்டிய வேலை இது.

தாய்ப் பெட்டியைத் தெரிவதில் தேன் அளவை மட்டும் பார்ப்பது நமது பழக்கம். செறனாவில் அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஓடாத குணம். கோடையில் பூக் குறைந்ததும் பெட்டியைவிட்டுக் கிளம்பும் கூட்டமும், அதே தோட்டத்தில் பக்கத்துப் பெட்டியில் சுருங்கி இருந்து அடுத்த மாரி வரை தாக்குப்பிடிக்கும் கூட்டமும் உண்டு. பின்னதிலிருந்து எடுங்கள். ஆனால் எல்லா ராணியையும் ஒரே தாயிலிருந்து வருடா வருடம் எடுத்தால் உறவுக்கலப்பு வரும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவில் ஒரே வகை இரண்டு சேர்ந்தால் கருவுற்ற முட்டையிலிருந்தும் ஆண் புழுவே தோன்றும். வேலைக்காரத் தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடும். அடை முழுக்க அங்கொன்று இங்கொன்றாகக் குழி விழுந்ததுபோல் புழு கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மோசமான கலப்பில் பாதிப் புழு போகும். இரண்டு மூன்று தாய்ப் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் தப்பலாம்.

குத்தும் வேலை

மாலை நாலரை மணிக்கு மேல், காற்றுப் படாத அறைக்குள் செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே மேசை போட்டு இதைச் செய்வது வீண். அந்த வறண்ட காற்று கூழின் மேல் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டவைக்கும், புழு எழாது. வெப்பம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, புழு அடையின் நடு வெப்பமே 33 முதல் 35 பாகை. கெடுப்பது வறட்சிதான். நனைத்துப் பிழிந்த துவாய் ஒன்றை மேசையில் விரித்து, இன்னொன்றை மேலே மூட வைத்துக்கொள்ளுங்கள்.

அடையிலிருந்து தேனீக்களை உதறாதீர்கள். உதறினால் புழு கூழிலிருந்து வழுகி அறைச் சுவரில் ஒட்டும். மென்மையான தூரிகை அல்லது இலைக்கொத்தால் தள்ளிவிடுங்கள். அடையைத் துவாயின் மேல் கிடத்தி, வெந்நீரில் தோய்த்துத் துடைத்த மெல்லிய கத்தியால் மேற்பக்க அறைகளின் உயரத்தைப் பாதியாகச் சீவுங்கள். அறையின் ஆழம் ஏறத்தாழ 10 மி.மீ., சீவியபின் 5 மி.மீ. நிற்கவேண்டும். ஆழமான குழிக்குள் கிடக்கும் புழுவை வேலைக்காரப் புழு என்றே தேனீக்கள் நடத்தும், சீவிய அறையில்தான் ராணிக் கிண்ணத்தின் சாயல் வரும். சீவியபின் புழுவைத் தெரிவதும் எளிது.

குழாயைத் தண்ணீரில் தோய்த்து உதறி, தெரிந்தெடுத்த அறையை நடுவில் வைத்து, நேர்செங்குத்தாக மெல்லத் திருகி இறக்குங்கள். அழுத்தம் வேண்டாம், திருகல் போதும். நடுச்சுவரைத் தாண்டி மறுபக்கம் வரை ஒரே மூச்சில் போகட்டும். வெளியே எடுத்தால் குழாய்க்குள் ஒரு சிறு உருளை: மேலே புழு அறை, கீழே மறுபக்க அறைகளின் சுவர். உள்குழாயால் தள்ளி அடிப்பாகத்தை மட்டும் வெளியே கொண்டுவந்து, 3 முதல் 4 மி.மீ. விட்டு மிச்சத்தைச் சவரத் தகடால் அறுத்துவிடுங்கள். இந்த மிச்சம் எதற்கு என்றால், உருகிய மெழுகின் சூடு நேரே புழுவின் அடியில் ஏறாமல் தடுக்க. ஒட்ட அறுத்துவிட்டு மெழுகில் தோய்த்தவர்கள் புழுவை வேகவைத்திருக்கிறார்கள். மறுபக்க அறைகளில் பெரிய புழு இருந்தால் தீக்குச்சியால் எடுத்துவிடுங்கள், அழுகினால் தேனீக்கள் முழு அறையையும் கடித்து எறியும்.

மெழுகு 65 பாகையளவில் உருகும். அடுப்பிலிருந்து இறக்கி, ஓரத்தில் ஆடை படியத் தொடங்கும் நேரம் சரியான சூடு. உருளையின் அடியை அதில் தொட்டு, 15 மி.மீ. சதுர மரக்கட்டையின் மேல் வைத்து ஐந்து எண்ணுங்கள். பிறகு உள்குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக்குழாயை மட்டும் மேலே உருவுங்கள். அறை கட்டையில் நிற்கும். ஈரமாக்கிய, முனை உருண்ட மரக்குச்சியை வாயில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் அறுகோண வாய் வட்டமாக விரியும். குச்சி 2 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக்கூடாது.

கட்டைகளைச் சட்டத்தின் நடுவே பொருத்திய குறுக்குப் பட்டையில், நடுவுக்கு நடு 25 மி.மீ. தூரத்தில், வாய் கீழாக மெழுகால் ஒட்டுங்கள். உள்நீளம் 20 செ.மீ. உள்ள சட்டத்தில் எட்டு வரும். இன்னொரு பட்டை போட்டுப் பதினாறு ஆக்கலாமே என்று மனம் சொல்லும். செறனாக் கூட்டம் முப்பது நாற்பது ராணி அறையை ஊட்டி வளர்க்கும் மெலிஃபெராக் கூட்டமல்ல. எட்டு வைத்து ஐந்து நன்றாக வந்தால் அது நல்ல வேலை. அடையை எடுத்ததிலிருந்து பட்டை பெட்டிக்குள் போகும்வரை இருபது நிமிடத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

ஊட்டி வளர்க்கும் கூட்டம்

ஆறு ஏழு சட்டம் தேனீ நிறைந்த, மகரந்தம் கைவசம் உள்ள கூட்டமாக இருக்கவேண்டும். குத்துவதற்கு ஒரு நாள் முன், மேலே சொன்ன கணக்கில் ஞாயிறு மாலை, அதன் ராணியை இரண்டு சட்டத் தேனீயோடு பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்கு மாற்றுங்கள். நடுவில் ஒரு சட்ட அகலம் இடைவெளி விடுங்கள். அந்த வெற்றிடத்தில் தாதித் தேனீக்கள் வந்து திரண்டு நிற்கும், பட்டையை அங்கேதான் இறக்கவேண்டும். அன்றிலிருந்தே ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற கரைசலில் மாலைக்கு 200 மி.லீ. கொடுங்கள், அறைகள் மூடும்வரை. பகலில் கொடுத்தால் அக்கம்பக்கத்துப் பெட்டிகள் கொள்ளையடிக்க வரும். பெட்டிக் கால்கள் தண்ணீர் விட்ட பால் ரின்னில் நிற்கட்டும். சீனி மணத்துக்கு எறும்பு வர ஒரு இரவு போதும்.

மறுநாள் மாலை ஒருமுறை மட்டும் பாருங்கள். பிடித்த அறையின் வாயோரத்தில் புது மெழுகு வெள்ளையாக உருண்டிருக்கும், உள்ளே கூழ் கூடியிருக்கும். பிடிக்காதது வெறுமையாக, ஓரம் கடிபட்டுக் கிடக்கும். எட்டும் வெறுமை என்றால் கருவியைச் சந்தேகிக்கவேண்டாம். பெட்டிக்குள் இன்னொரு ராணி இருக்கிறாளா என்று முதலில் தேடுங்கள். பாதி பிடித்துப் பாதி போனால் காய்ந்த புழு, அதிர்ச்சி, சூடான மெழுகு இவற்றில் ஒன்று.

பெரிய அழிவு வேறொரு வழியில் வருகிறது. ராணியை எடுத்த கூட்டம் தன் சொந்தப் புழுவிலும் அவசர ராணி அறை கட்டும். அது தெரிந்தெடுப்பது ஏற்கெனவே இரண்டு நாள் வளர்ந்த புழுவாக இருந்தால், நீங்கள் வைத்ததற்கு மூன்று நாள் முன்னரே ராணி வெளிவந்து, உங்கள் அறைகள் அனைத்தையும் பக்கவாட்டில் துளைத்துக் கொன்றுவிடும். பக்கத்தில் ஓட்டை என்றால் கொலை. நுனியில் மூடி திறந்து தொங்கினால் ராணி தானாக வெளிவந்தது. ஆகவே ராணியை எடுத்த நாலாம் நாளும் எட்டாம் நாளும் மற்றச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தேனீ விலக்கிப் பார்த்து, கட்டிய ராணி அறைகளை நசுக்குங்கள். அடையின் கீழோரத்தையும் பக்க ஓரத்தையும் மட்டும் பார்த்தால் போதாது, அவசர அறை அடையின் நடு முகத்தில்தான் இருக்கும். ராணி அறைச் சட்டத்தை மட்டும் அசைக்காதீர்கள். புகையும் குறைவாக, செறனா புகைக்கு அடங்குவதைவிடப் புகைக்கு ஓடுவதே அதிகம்.

நாட்கணக்கு இப்படி: வெள்ளி இட்ட முட்டை, எட்டாம் நாள் சனியன்று ராணி அறையாக மூடும். பதினைந்து பதினாறாம் நாள், அதாவது அதற்கு அடுத்த சனி ஞாயிறில், ராணி வெளிவருவாள். ஒரு ராணியாவது வெள்ளி பின்னேரமே முந்தக்கூடும். எனவே குத்திய ஒன்பதாம் நாள், புதன் மாலை, அறைகளைக் கட்டையோடு பெயர்த்து இணைசேர்க்கும் சிறு பெட்டிகளுக்குக் கொண்டுபோங்கள். கட்டையில் ஒட்டியதன் பயன் அப்போது தெரியும்: கத்தி வேண்டாம், ராணி அறையில் விரல் படவேண்டாம். தலைகீழாக்காமல், வாய் கீழாகவே கொண்டுபோகவேண்டும். சிறு பெட்டி தயாராக இல்லையென்றால் ஒவ்வொரு அறைக்கும் பெண்கள் தலைமுடி சுருட்டும் பிளாஸ்டிக் உருளையை மாட்டி நுனியை அடைத்துவிடலாம், ஒன்றை ஒன்று கொல்லாது. முதிர்ந்த அறையின் நுனியில் தேனீக்கள் மெழுகைச் சுரண்டி எடுத்திருக்கும், உள்ளிருக்கும் பழுப்பு உறை தெரியும். நுனி இன்னும் மெழுகு மூடி இருந்தால் நாள் இருக்கிறது.

அறைகளை எடுத்தபின் ஊட்டிய கூட்டத்தைச் சும்மா விடவேண்டாம். ராணியும் திறந்த புழுவும் இல்லாத செறனாக் கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்குவது மெலிஃபெராவைவிட வெகு விரைவில் நடக்கும். பழைய ராணியைக் கூண்டிலிட்டு அன்றே திருப்பிக் கொடுத்து, இரண்டு நாளில் திறந்துவிடுங்கள்.

ஆண் தேனீ, பருவம், பறக்கும் நேரம்

திருகோணமலையில் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் வாடைமழையில் ராணி வளர்க்கப் பார்ப்பது காசை நனைப்பது. மழை விட்டு, தை கடந்து காடு பூக்கத் தொடங்கும் மாசி, பங்குனியே காலம். கச்சான் தொடங்கியபின் செய்தால் அறை பிடிக்கும், ஆனால் சிறு பெட்டிகள் வெறுத்து ஓடும். ஆனாலும் நாட்காட்டியைவிட நம்பகமான அடையாளம் அடையிலேயே உண்டு. செறனாவின் மூடிய ஆண் அறை குமிழ்போல உயர்ந்து, உச்சியில் ஊசிமுனைத் துளையோடு இருக்கும். ஆண் தேனீ வெளிவந்தபின்னும் முதிர்ந்து இணைசேர ஏறத்தாழ பத்து நாள் வேண்டும். மூடிய ஆண் அறையைக் கண்டு ஒரு கிழமை கழித்துக் குத்தத் தொடங்கினால், ராணி பறக்கும் நாளில் ஆண்களும் பறப்பார்கள். ஆண் அறையே இல்லாத பருவத்தில் வளர்த்த ராணி கன்னியாகவே கிழடாவாள்.

இலங்கையில் 1976இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று தேனீ இனங்களின் ஆண்கள் பறக்கும் நேரத்தைக் குறித்து வைத்தது. கொம்புத்தேனீ நண்பகல் 12 முதல் 2.30 வரை, செறனா மாலை 4.15 முதல் 5.15 வரை, பெருந்தேனீ இருட்டும் நேரம் 6 முதல் 6.45 வரை. நமக்கு இதில் இரண்டு பாடம். சிறு பெட்டிகளைப் பிற்பகல் 3 மணிக்குப் பின் திறக்கக்கூடாது. வெளியே போன ராணி திரும்பும்போது மூடி திறந்து கிடந்தால் வழி தவறுவாள். சித்திரையில் பின்னேர இடிமழை தொடர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் நாள்தோறும் கெடும், ராணி கன்னியாகவே நாட்கள் போகும்.

மின்கம்பியின் கீழ் சிறு பெட்டி வைக்காதீர்கள். பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து பறப்பதைக் கொத்துவது அங்கேதான். வேலைக்காரி ஒன்று போனால் தெரியாது, போனது ராணி என்றால் ஒரு மாத வேலை போகும். வெட்டவெளி வயலோரத்தைவிட மரநிழல் ஓரம் நல்லது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க வயல்களுக்கு அருகே வைத்திருப்பவர்கள் மருந்தடிக்கும் நாளை வயற்காரரிடம் கேட்டுவைத்து, அன்று வாசலை மூடுவது நல்லது.

சிறு பெட்டியில் குறைந்தது இரண்டு சட்டம் நிறையத் தேனீ, அதில் ஒன்று வெளிவரும் தறுவாயில் மூடிய புழுவோடு, கொஞ்சம் தேனும் மகரந்தமும் இருக்கட்டும். மெலிஃபெராவுக்கு ஒரு கோப்பைத் தேனீயில் நடத்தும் குட்டிப் பெட்டிகள் உண்டு. செறனாவை அதில் போட்டால் மூன்றாம் நாள் பெட்டி காலி. புழு இருக்கும் வீட்டைத்தான் அது இலேசில் விட்டுப் போகாது. வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

ராணி வெளிவந்த இரண்டு கிழமை கழித்து, காலை ஒன்பது மணியளவில் ஒருமுறை திறந்து பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, அடியின் நடுவில் நிமிர்ந்து நின்றால் இணைசேர்ந்துவிட்டாள். புது ராணி முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு இடுவதும் உண்டு, அதற்காக அவளைத் தள்ளவேண்டாம். முட்டைகள் கொத்துக் கொத்தாகச் சுவரில் ஒட்டிக்கிடந்தால் இடுவது வேலைக்காரத் தேனீ. மூன்று கிழமை கடந்தும் எதுவும் இல்லையென்றால் அந்தச் சிறு பெட்டியை ராணி உள்ள பக்கத்துப் பெட்டியோடு, இடையில் துளையிட்ட பத்திரிகைத் தாளை வைத்துச் சேர்த்துவிடுங்கள்.

குத்தி எடுத்த தாய் அடையை அன்று மாலையே அதன் பெட்டிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சீவிய மெழுகையும் அறுத்த துண்டுகளையும் பெட்டியடியில் குவித்து வைத்தால் மெழுகு அந்துப்பூச்சிக்கு முட்டையிட இடமாகும். அன்றே உருக்கிவிட்டால் அடுத்த தடவை ஒட்டுவதற்கு அந்த மெழுகே போதும்.